ஈகையும் உரிமையும்: நிலப் பகிர்வு இயக்கங்கள் எழுப்பும் அறக்கேள்வி

இல்லாதவருக்கு இருப்பவர் இரங்கிக் கொடுப்பது அறமா, அல்லது இல்லாதவர் தமக்கு உரியதைப் பெற்றுக்கொள்வது அறமா என்பது சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் கேள்வி. முதல் நிலைப்பாட்டில் அறம் கொடுப்பவரின் மனத்தில் இருக்கிறது. கொடுக்கத் தவறியவர் இறைவனுக்கு முன் பதில் சொல்ல வேண்டியவர் ஆகலாம், ஆனால் அவரைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் ஏழைக்குக் கிடையாது. இரண்டாம் நிலைப்பாட்டில் அறம் இருவருக்கும் இடையிலான உறவில் இருக்கிறது. அங்கே கொடுக்க மறுப்பது கருணைக் குறைவு என்ற அளவில் நிற்பதில்லை. பிறருக்குச் சேர வேண்டியதைத் தடுத்து வைத்திருக்கும் அநீதியாகிறது.

சோறும் துணியும் கொடுக்கப்படும் வரை இந்த வேறுபாடு பெரிதாகத் தென்படுவதில்லை. நிலம் என்று வந்துவிட்டால் அது கூர்மையடைகிறது. சோறு பெற்றவர் மறுநாளும் அதே வாசலுக்கு வர வேண்டியிருக்கும். நிலம் பெற்றவர் வர வேண்டியதில்லை. எனவே, கொடுப்பவர் பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வை நீடிக்க விடாமல் அதை முடித்துவைக்கக்கூடிய கொடை எது என்று பார்த்தால், வேளாண் சமூகத்தில் அது நிலமே. இந்தியாவில் 1951-இல் தொடங்கிய பூதான இயக்கமும், அதிலிருந்து கிளைத்த கிராமதானமும், அவற்றின் தோல்விகளிலிருந்து பாடம் கற்றுக் கீழத்தஞ்சையில் எழுந்த நிலவுரிமை முயற்சியும் இந்தக் கேள்வியை ஏட்டிலிருந்து வயலுக்கு இறக்கிவைத்தன. ஈகை நீதியின் தொடக்கமாகலாம், ஆனால் பெறுபவர் கையில் பட்டாவும் முடிவெடுக்கும் அவையில் இடமும் வந்து சேரும்போதுதான் அது நீதியாகிறது என்பதே இம்முயற்சிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் விடை.

மரபுகளின் பார்வை

தமிழ் அறநூல் மரபு இந்த வேறுபாட்டை அறியாதது அன்று. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வைக்கப்பட்டுள்ளன. வறியவராய் வந்து கேட்பவருக்கு மறுக்காமல் கொடுப்பது ஈகை என்றும், உலகநடை அறிந்து பிறருக்கு உதவி வாழ்வது ஒப்புரவு என்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். ஒப்புரவுடையவன் செல்வத்துக்குக் குறள் காட்டும் உவமைகள் ஊருணியும், ஊர் நடுவில் பழுத்த மரமும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரமும் ஆகும். ஊருணியில் நீர் எடுப்பவர் யாரிடமும் இரப்பதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அதே நூல், இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்ற நிலை ஒருவனுக்கு உண்டானால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று இரவச்சம் அதிகாரத்தில் சபிக்கும் அளவுக்குச் செல்கிறது. இரப்பவர் இருப்பதே உலக அமைப்பின் குற்றம் என்று கருதுபவரால்தான் அவ்வாறு சினக்க முடியும்.

பிற மரபுகளிலும் இதையொத்த சிந்தனை உண்டு. பெட்டியில் பூட்டி வைத்த ஆடை ஆடையற்றவருக்கு உரியது, தேவைக்கு மேல் பதுக்கிய அப்பம் பசித்தவருக்கு உரியது என்று நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் ஆயர் பசிலியார் போதித்தார். அவர் கணக்கில் கொடாமை திருட்டுக்கு இணையானது. இறைநம்பிக்கையாளரின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிய பங்கு ஒன்று உண்டு என்று திருக்குர்ஆன் கூறுவதால், சக்காத் என்னும் கட்டாயக் கொடை இஸ்லாத்தில் விருப்பத்துக்கு விடப்பட்ட தருமமாக இல்லாமல் கடமையாக வகுக்கப்பட்டது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்னும் ஒரு படி சென்று, சிலர் கொடுக்கும் நிலையிலும் பலர் பெறும் நிலையிலும் இருப்பதற்கு அரசின் அநீதியே பெரும்பாலும் காரணம் என்றால், பணக்காரரின் உதவியைக் கொடை என்று அழைக்கவே தகுமா என்று ஐயுற்றார்.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியவர் இராமலிங்க அடிகளார். 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவிப் பசித்தவர் யாராயினும் சாதி, சமயம் கேட்காமல் உணவளிக்க ஏற்பாடு செய்த வள்ளலார், ஜீவகாருண்யத்துக்கு, அதாவது உயிர்களிடத்து இரங்கும் ஒழுக்கத்துக்கு, அடிப்படையாகக் காட்டியது கொடுப்பவரின் பெருந்தன்மையை அன்று. உயிர்கள் எல்லாம் ஒரே இறைவனால் ஆக்கப்பட்டவை ஆதலால் அவை தமக்குள் உடன்பிறந்தவை என்பதும், உடன்பிறந்தவர் துன்புறும்போது உருகுவது அந்தப் பழைய உறவின் உரிமையால் நிகழ்வது என்பதும் அவர் விளக்கம். கண்டும் உருகாதவருக்கு ஆன்ம அறிவின் ஒளி மங்கியிருக்கிறது என்று அவர் அக்குறையை நோயாகவே பார்த்தார். கருணையை உரிமையின் மேல் நிறுத்திய இந்தச் சிந்தனை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமிழகத்தின் நிலப் போராட்டம் ஒன்றில் மறுபடியும் செயல்பட்டதைப் பின்னர்க் காணலாம். ஆயினும் தருமசாலை பசியை ஆற்றியதே தவிர, பசியை உண்டாக்கும் நிலவுடைமை முறையைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போச்சம்பள்ளியில் தொடங்கிய சோதனை

1951 ஏப்ரல் 18 அன்று, இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா வட்டாரத்திலுள்ள போச்சம்பள்ளிக்குக் காந்தியின் சீடரான வினோபா பாவே நடைப்பயணமாக வந்தார். நிலப்பிரபுக்களுக்கும் நிஜாம் ஆட்சிக்கும் எதிராகக் கம்யூனிஸ்டுகள் தலைமையில் உழவர்கள் நடத்திய ஆயுதப் போராட்டத்தின் சூடு அப்பகுதியில் அப்போது தணிந்திருக்கவில்லை. ஊரின் தலித் குடும்பங்கள் நாற்பது சேர்ந்து, எண்பது ஏக்கர் நிலம் இருந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றன. அரசிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணிய வினோபா, கூட்டத்தில் இருந்தவர்களிடமே அதைக் கேட்டபோது, வெதிரெ ராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் எழுந்து நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதானம், அதாவது நிலக்கொடை, என்ற இயக்கத்துக்கு அதுவே வித்தாயிற்று.

வினோபா தம்மை இரவலராக ஒருபோதும் கருதியதில்லை. காற்றையும் நீரையும் போல நிலமும் இறைவனுடையது, அதன் மேல் தனியுடைமை செல்லாது என்பது அவருடைய அடிப்படை. தானம் என்பதற்குச் சமமாகப் பகிர்தல் என்று ஆதிசங்கரர் தந்த விளக்கத்தை எடுத்துக்காட்டி, தம்மை அந்த வீட்டின் இன்னொரு மகனாக எண்ணிப் பாகப்பிரிவினையில் ஒரு பங்கு தர வேண்டும் என்று அவர் நிலவுடைமையாளர்களிடம் கேட்டார். நாட்டின் சாகுபடி நிலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 கோடி ஏக்கர், திரட்டப்பட வேண்டும் என்பது குறிக்கோள். கேட்டது உரிமையின் மொழியில். ஆனால் தருவதும் மறுப்பதும் உடைமையாளரின் விருப்பம் என்று விட்டதால், வழிமுறை ஈகையின் வழிமுறையாகவே இருந்தது. இயக்கத்தின் வலிமையும் பலவீனமும் இந்த முரணிலிருந்தே பிறந்தன.

நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டது என்பது, வாளும் சட்டமும் இல்லாமல் நடந்ததை எண்ணினால், உலக வரலாற்றில் அரிய செய்தி. ஆனால் அறிவிக்கப்பட்ட நிலத்தில் கணிசமான பகுதி பாறையாகவும் தரிசாகவும் வழக்கில் சிக்கியதாகவும் இருந்தது. பத்திரம் எழுதப்படாத தானங்களை வாரிசுகள் மறுத்தனர். நிலம் கைக்கு வந்த இடத்திலும் ஏரும் மாடும் விதையும் இல்லாமல் பலர் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை.

இக்குறைகளுக்கு விடையாக வந்தது கிராமதானம். 1952-இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் என்ற ஊர் தன் நிலம் முழுவதையும் ஊர்ப் பொதுவாக்க முன்வந்ததிலிருந்து இது வளர்ந்தது. 1960-களில் எளிதாக்கப்பட்ட வடிவத்தில் அதன் அமைப்பு தெளிவானது. நிலவுடைமையாளர் தம் நிலத்தில் இருபதில் ஒரு பங்கை நிலமற்றவருக்குத் தருவார். எஞ்சிய நிலத்தை அவரே பயிரிட்டுக்கொள்ளலாம், ஆனால் உடைமை கிராம சபையின் பெயரில் இருக்கும் என்பதால் வெளியாருக்கு விற்க முடியாது. விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கோ, கூலி பெறுபவராயின் மாதத்தில் ஒரு நாள் கூலியோ கிராம நிதிக்குச் சேரும். வயது வந்த அனைவரும் அடங்கிய சபை எல்லோரும் இசையும்படி முடிவெடுக்கும். 1957 செப்டம்பரில் மைசூருக்கு அருகிலுள்ள எல்வாலில் பிரதமர் நேருவும் கேரளத்தின் கம்யூனிஸ்டு முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் ஒரே மாநாட்டில் அமர்ந்து இதை ஆதரித்தனர். பத்தாண்டு கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஏட்டளவில் கிராமதானமாகியிருந்தன. ஆனால் 1970-இல் பீகாரின் முசாஹரி வட்டாரத்துக்குச் சென்று தங்கிய, இவ்வியக்கத்தின் மற்றொரு தலைவரான ஜெயப்பிரகாஷ் நாராயண், கையொப்பம் பெற்ற ஊர்களில்கூட நிலம் கைமாறாமலும் கூலி உயராமலும் கிடந்ததை நேரில் கண்டார். நக்சல்பாரியில் வெடித்த உழவர் கிளர்ச்சியின் எதிரொலியே அவரை அங்கே அழைத்துச் சென்றது.

மனமாற்றத்தை நம்பிய இவ்வியக்கத்தின் இரு திருப்புமுனைகளிலும், போச்சம்பள்ளியிலும் முசாஹரியிலும், பின்னணியில் கிளர்ச்சியின் அச்சம் இருந்தது. கொடுத்தவர் கருணையால் கொடுத்தாரா, கொடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற கணக்கால் கொடுத்தாரா என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. ஈகையைத் தனியறமாகக் கொள்பவருக்கு இது பெரிய சிக்கல், ஏனெனில் அச்சத்தால் கொடுத்தது ஈகையாகாது. நீதியை அளவுகோலாகக் கொள்பவருக்கோ, நிலம் உரியவர் கையில் சேர்ந்ததா என்பதே முதற் கேள்வி. கொடுத்தவரின் உள்ளம் எப்படியிருந்தது என்பது அதற்குப் பின்னர்.

அம்பேத்கரின் மறுப்பும் ஊர் என்ற சிக்கலும்

பூதானத்துக்கு முன்பே அதன் வேர்க்கருத்தை மறுத்தவர் அம்பேத்கர். செல்வர்கள் தம் உடைமைக்குத் தாம் உரிமையாளர் அல்லர், சமூகத்தின் பொருட்டு அதைக் காப்பவர் மட்டுமே என்று உணர்ந்து நடக்க வேண்டும் என்னும் காந்தியின் கருத்து தமிழில் தர்மகர்த்தாக் கொள்கை என்று அழைக்கப்படுகிறது. உடைமையையும் அதிகாரத்தையும் உடையவரிடமே விட்டுவிட்டு அவருடைய நல்லெண்ணத்தில் ஏழையின் வாழ்வைத் தொங்கவிடும் ஏற்பாடு என்று அதை அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்கென அவர் தயாரித்த ஆவணம், விளைநிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடில்லாமல் ஊர்க் குடும்பங்களுக்குக் கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விடவேண்டும் என்று கோரியது. காந்தியும் தம் கருத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1942-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷருடனான உரையாடலில், உழவர்கள் நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார்.

அம்பேத்கரின் இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கிராமத்தை நீதியின் அலகாகக் கொள்வதையே அவர் ஏற்கவில்லை. ஊருணி எல்லோருக்கும் பொது என்று அறநூல் சொன்னாலும், அந்த ஊரார் யார் என்ற கேள்விக்குச் சாதி வேறு விடை வைத்திருந்தது. மகாராஷ்டிரத்தின் மகாடு நகரில் சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி தீர்மானம் போட்ட பிறகும் தீண்டப்படாதவர் எனப்பட்டோர் அதில் நீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் திரளாகச் சென்று நீர் அருந்திய பின்னரே அத்தீர்மானத்துக்குப் பொருள் உண்டாயிற்று. அதற்கும் அவர்கள் அடி வாங்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் ஊர் கூடி முடிவெடுத்தது என்றால் சேரி அக்கூட்டத்தில் இல்லை என்பதே நெடுங்கால வழக்கம். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தலே நடக்கவிடப்படவில்லை. அவ்வாறே ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் உள்ளிட்டோர் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். மக்கள் தாமே நடத்தும் மாற்று என்று பேசும் எவரும், அந்த மக்கள் என்ற சொல்லுக்குள் யார் அடங்குகிறார், யார் பேசத் துணிகிறார் என்பதைக் கேட்காமல் நகர முடியாது. எல்லோரும் இசைவது என்ற உயர்ந்த நெறிகூட, அஞ்சியவரின் மௌனத்தை இசைவாகக் கணக்கிடும் இடத்தில் ஆதிக்கத்துக்கே துணை செய்யும்.

கீழத்தஞ்சையின் பாடம்

ஈகை, உரிமை என்ற இரு வழிகளும் சந்தித்த இடம் கீழத்தஞ்சை. நெல் விளையும் அந்தக் காவிரிக் கடைமடையில் மிராசுதார்களும் மடங்களும் கோயில்களும் நிலத்தின் பெரும்பகுதியை வைத்திருந்தனர்; அதில் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் தலித் பண்ணையாட்கள். சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கடியும் தண்டனைகளாக இருந்த அம்மண்ணில், 1940-களில் பி. சீனிவாசராவ் முதலிய கம்யூனிஸ்டுத் தலைவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கமே தலை நிமிரும் துணிவை முதலில் தந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1961-இல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்ற உச்சவரம்பும், 1970-இல் அதை 15 ஆகக் குறைத்த திருத்தமும் வந்தன. பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைகளின் பெயரிலும் நிலம் ஒளிந்துகொண்டதால் சட்டத்தின் வலையில் அகப்பட்டது கொஞ்சமே. நெல் கூலியை உயர்த்திக் கேட்ட தகராறின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

வினோபாவோடு பூதானப் பணியில் ஈடுபட்டிருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் இந்நிகழ்ச்சிக்குப் பின் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினர். தலித் குடும்பத்தில் பிறந்து, அக்காலத்தில் அரிதாக இருந்த கல்லூரிப் படிப்பை முடித்தவர் கிருஷ்ணம்மாள். வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி வழிபாட்டில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். பூதானத்தில் தானம் கேட்டு நடந்த கால்கள், இங்கே கோயில் நிலங்களைப் பினாமியாக அனுபவித்தவர்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்கும் சென்றன. 1981-இல் அவர்கள் லாஃப்டி என்று அறியப்படும் உழுபவர் நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினர்.

லாஃப்டியின் செயல்முறை பூதானத்திலிருந்து ஒரு முக்கிய இடத்தில் விலகியது. நிலத்தை இனாமாகக் கேட்கவில்லை, பறிக்கவும் இல்லை, பேசி விலைக்கு வாங்கியது. பிள்ளைகள் நகரங்களில் குடியேறிவிட, நேரில் பயிர் செய்ய ஆளில்லாமல் நிலத்தை விற்கும் எண்ணத்தில் இருந்த உடைமையாளர்களை அணுகி, நிலமற்ற குடும்பங்களையும் அவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து விலை பேசப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் மேம்பாட்டுக்கான அரசுத் திட்டங்களின் மானியமும் வங்கிக் கடனும் கொண்டு விலை கட்டப்பட்டது. பத்திரப் பதிவுச் செலவு ஏழைக்குப் பெருஞ்சுமையாக இருந்ததால் அதில் விலக்குக் கேட்டு அரசோடு போராட வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று அளந்து பிரிக்கப்பட்ட நிலம், வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவானது. கடனைப் பயிரின் வருவாயிலிருந்து அக்குடும்பங்களே அடைத்தன. வேலையற்ற கோடை மாதங்களுக்குப் பாய் நெசவு, தையல், தச்சு போன்ற தொழில்கள் கற்பிக்கப்பட்டன. இவ்வகையில் சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. 2008-இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் வழங்கப்பட்டது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் உழைத்தவர்கள், தம் உழைப்பால் கொழுத்த உடைமையாளருக்கு மீண்டும் விலை கொடுத்து அதே நிலத்தை வாங்குவது என்ன நீதி? பாட்டனும் பூட்டனும் கூலி குறைவாகப் பெற்றதையே விலையாகக் கழித்துக்கொள்ள வேண்டாமா? கொள்கையளவில் இவ்வாதத்துக்கு மறுமொழி கிடையாது. ஆனால் நடைமுறையில் கிடைத்த பயன்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உச்சவரம்புச் சட்டத்தால் எடுக்கப்பட்ட நிலங்கள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தபோது, விலைக்கு வாங்கிய நிலத்தின் மேல் எவராலும் வழக்குத் தொடுக்க முடியவில்லை. பூதானத்தில் நிலம் பெற்றவர் கொடுத்தவரின் பெயரை நன்றியோடு சொல்லியாக வேண்டியிருந்தது. இங்கே பட்டா வைத்திருக்கும் பெண் யாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். நன்றிக்கடன் என்ற நுண்ணிய அடிமைத்தனத்திலிருந்து இந்த விலை அவரை விடுவித்தது. நீதி தன் முழு வடிவில் வராதபோதும், மான உணர்வுக்குக் குறைவு வராத வடிவில் அது இங்கே வந்தது.

ஜெகந்நாதன் தம்பதியரின் அடுத்த போராட்டம், வாங்கி வைத்த நிலத்தைக் காப்பதாக மாறியது. 1990-களில் நாகைக் கடற்கரையில் பெருகிய இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாகி வயல்கள் பாழாயின. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், மரபுவழிப் பண்ணைகள் தவிர்த்து, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீருயிரி வளர்ப்புச் சட்டம் அத்தடையின் வலுவைக் குறைத்துவிட்டது. ஓர் ஊரின் ஒற்றுமையோ ஓர் இயக்கத்தின் தியாகமோ தனித்து நின்று உலகச் சந்தையையும் நாடாளுமன்றத்தையும் எதிர்த்துத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது இதில் தெளிவு. அடித்தள இயக்கங்கள் அரசை ஒதுக்கி வாழும் தீவுகளாக இருக்க முடியாது. சட்டத்தைத் தம் பக்கம் இழுத்துப் பிடிக்கும் வேலையிலிருந்து அவற்றுக்கு ஓய்வில்லை.

சமயமே நிலவுடைமையாளராக

தானத்தைப் போதிக்கும் நிறுவனமே பெருநிலக்கிழாராக இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வியை, புத்தர் ஞானம் பெற்ற ஊரான பீகாரின் புத்தகயாவில் நடந்த போராட்டம் எழுப்பியது. அங்கிருந்த சைவ மடம் பல ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைத் தன் பெயரிலும் பிறர் பெயரிலும் வைத்திருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணின் வழிவந்த இளைஞர் அமைப்பான சாத்திர யுவ சங்கர்ஷ் வாகினியின் துணையோடு, 1978 முதல் நிலமற்ற தலித் உழைப்பாளர்கள் அங்கே ஆயுதமின்றிப் போராடினர். நிலம் பிரிக்கப்படும் கட்டத்தில், அடியும் சிறையும் தாங்கிய பெண்கள் பட்டா தங்கள் பெயரில் வேண்டும் என்றனர். குடும்பத் தலைவர் ஆணே என்று அதிகாரிகள் மறுத்தபோதும் விடாமல் நின்று சில ஊர்களில் அதைப் பெற்றனர். நிலமற்றவர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயும் கொடுப்பவர், பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வு இருந்ததை வெளிக்கொணர்ந்தவர்கள் அப்பெண்களே.

தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு நான்கரை லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. இவை பெரும்பாலும் வழிபாடும் அன்னதானமும் நடக்கக் கொடுக்கப்பட்டவை ஆதலால், இவற்றைத் துண்டு துண்டாக்கி விற்பது பொதுச் சொத்தை அழிப்பதாகும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே நியாயம், அந்நிலங்களைச் சொற்பக் குத்தகைக்குப் பெற்று உள்குத்தகைக்கு விட்டுப் பிழைக்கும் இடைத்தரகரையும் தடுக்க வேண்டும். இறைவன் பெயரிலுள்ள நிலத்தில் நேரில் உழைப்பவருக்கு நேரடிக் குத்தகைப் பதிவும் நியாயமான வாரமும் கிடைத்தாலே, உடைமையை மாற்றாமல் ஒப்புரவைக் கொண்டுவரலாம்.

பொதுவுடைமை வேரூன்றிய ஓர் ஊர்

உடைமையை மாற்றும் வழியிலும் ஒரு வெற்றி உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் கோண்டுப் பழங்குடியினர் வாழும் மெந்தா லேகா என்ற சிற்றூர், கிராம சபையில் எல்லோரும் இசைந்தால் மட்டுமே முடிவு, இசைவு இல்லையேல் பேச்சைத் தள்ளிப்போடுவது என்ற நெறியைப் பல்லாண்டுகளாகப் பின்பற்றியது. முடிவெடுப்பதற்கு முன் சட்டத்தையும் செய்தியையும் படித்து விவாதிக்கும் ஆய்வு வட்டம் அங்கே தனியாக இயங்கியது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்ற அவ்வூர், 2011-இல் தன் மூங்கிலைத் தானே விற்கும் அனுமதியையும் போராடிப் பெற்றது. பின்னர் 2013-இல், மாநிலத்தின் 1964 கிராமதானச் சட்டத்தின்கீழ்த் தன் நிலத்தையும் சபையின் பொதுவாக்க முன்வந்தது. பிற இடங்களில் கையொப்பத்தோடு நின்றுவிட்ட கிராமதானம் இங்கே வேர்பிடித்ததற்குக் காரணம் அதன் வரிசைமுறை. முதலில் பேசிப் பழகிய சபை, அடுத்து சட்டம் ஒப்பிய உரிமை, கடைசியில்தான் தானம். உடையவர் இல்லாதவருக்குக் கொடுத்ததாக இல்லாமல், உரிமை பெற்றவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டதாக அந்தத் தானம் அமைந்தது. சாதிப் பிளவு குறைந்த பழங்குடி ஊர் என்பதால் அங்கே இசைவு எளிதாயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. ஊரும் சேரியுமாகப் பிளந்த இடத்தில், பிளவை ஒழிக்கும் வேலை சபை கூடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

முடிவு

வினோபாவின் நம்பிக்கையைப் பொய் என்று தள்ளிவிடவோ, அம்பேத்கரின் மறுப்பை வெறும் சட்டவாதம் என்று ஒதுக்கவோ இந்த வரலாறு இடம் தரவில்லை. உள்ளம் இரங்காத சமூகத்தில் சட்டம் பினாமிப் பத்திரங்களுக்குள் மடிந்துபோகும் என்பதற்குக் கீழத்தஞ்சையின் உச்சவரம்பு சாட்சி. சட்டத்தின் துணையும் பெறுபவரின் அமைப்பும் இல்லாத இரக்கம் தரிசு நிலத்தை எழுதிக்கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளும் என்பதற்குப் பூதானக் கணக்குகள் சாட்சி. அரசியல் சமத்துவத்தோடு சமூக, பொருளாதாரச் சமத்துவம் சேராவிட்டால் மக்களாட்சியே நிலைக்காது என்று 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்த அம்பேத்கரும், அதே உரையில் சகோதரத்துவம் இல்லாமல் சமத்துவமும் சுதந்திரமும் இயல்பாக நிலைபெறா என்றார். வள்ளலார் உயிர்களின் உடன்பிறப்பு என்று சொன்னதும் அந்தச் சகோதரத்துவத்துக்கு அயலானது அன்று. வழிகள் வேறாயினும், உடன்பிறந்தவருக்குச் சேர வேண்டியது பிச்சையன்று, பங்கு என்ற இடத்தில் இருவரும் சந்திக்கின்றனர்.

ஆகவே எந்தக் கொடையையும் எந்த மக்கள் முயற்சியையும் அளக்க நேரான அளவுகோல் ஒன்று போதும். அது நடந்தேறிய பின், பெற்றவர் மறுபடியும் கேட்க வர வேண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வர வேண்டியிருந்தால் அது எத்தனை பெரிய தருமமாயினும் நீதியாகவில்லை. ஈகையைப் போதிக்கும் மடங்களும் கோயில்களும் திருச்சபைகளும் வக்ஃபுகளும் தம் பெயரிலுள்ள நிலம் எவ்வளவு, அதில் உழைப்பவர் யார், அவர் பெறுவது என்ன என்ற கணக்கை ஊரறிய வெளியிடுவதிலிருந்து தொடங்கட்டும். அறத்தைப் பற்றிய அவற்றின் சொல்லுக்கு அதன் பிறகே எடை உண்டாகும்.